நிரம்பியிருந்த ஆயில் டேங்க்

என் வண்டியின் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு என்னிடம் சொல்லாமல் விட்டாய். என் மனைவியைக் கொல்லப் பார்த்தாய். கடலூர் முதுநகரில் பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்கு வேகம் ஏற்றித் தரும் மெக்கானிக்கே, உன்னைத்தான் சொல்கிறேன்.

போன தை மாதம் நடந்தது. சிதம்பரத்தில் மச்சினிச்சிக்கு வளைகாப்பு. வண்டியை உன்னிடமிருந்து எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிலிண்டரைக் கடைந்து, பெரிய கார்புரேட்டர் வைத்து, புது சைலன்சர் மாட்டியிருந்தாய். காலையில் ஆயில் டேங்கைத் திறந்து பார்த்தேன், நிரம்பியிருந்தது. பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினேன்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் போயாக வேண்டும். போகாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஆயிலை அனுப்புவது அந்தப் பம்பின் வேலை.

குடிகாட்டைத் தாண்டி ஒரு கெமிக்கல் டேங்கரை முந்தினேன். வண்டி அப்படிப் பறந்தது. ஆலப்பாக்கம் போனதும் இன்ஜின் சத்தம் கம்மியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. அடுத்த நொடி பின்சக்கரம் இறுகிவிட்டது. டயர் தேய்ந்து வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. பின்னால் பார்க்கும் கண்ணாடி முழுக்க, நான் முந்தி வந்த அந்த டேங்கரின் முகப்புதான் தெரிந்தது.  என் மனைவியின் நகங்கள் என் தோளில் இறங்கின. செத்தோம் என்றுதான் நினைத்தேன். கை தானாகக் கிளட்சைப் பிடித்தது. சக்கரம் விடுபட்டு, வண்டி சாலையோர மண்ணில் இறங்கி நின்றது. டேங்கர் எங்களை உரசுவது போலக் கடந்தது.

டிரைவர் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"யோவ், சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா?" என்று கத்தியவர், என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். "ஒக்காரும்மா. ஒண்ணும் ஆவல. தண்ணி குடி."

பாட்டிலை அவரே திறந்து அவளிடம் நீட்டினார்.

இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். டேங்கிலிருந்து வரும் குழாயை ஒரு போல்ட் வைத்து அடைத்திருந்தாய். பம்ப் இருந்த இடத்தில் வெறும் தகடு. அங்கேயே உனக்குப் போன் செய்தேன்.

"என்னா மாமா, பெட்ரோல்ல ஆயில் கலக்காமயா ஓட்டுன? நான் கலந்துதான குடுத்தேன்?"

"கலக்கணும்னு நீ சொன்னியாடா?"

"ரேஸ் செட்டப்புன்னு சொன்னேன்ல? அதுல பம்பு இருக்காதுன்னு ஊருக்கே தெரியுமே!"

"அப்புறம் டேங்க்ல எதுக்குடா ஆயில ஊத்தி வச்ச?"

"காலியா இருந்தா பாக்க நல்லாவா இருக்கும், மாமா? சரி வுடு, பிஸ்டன மாத்திக்கலாம். எடுத்துனு வா."

சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

என் மனைவி அன்று பஸ் ஏறிப் போனவள், அதன்பின் எந்த பைக்கிலும் உட்காரவில்லை. எனக்கு இப்போதும் எந்த வண்டியின் சத்தம் லேசாகக் கம்மினாலும் கை தானாகக் கிளட்சைத் தேடுகிறது. நம்பி ஒருவனிடம் சாவியைக் கொடுப்பது உயிரையே கொடுப்பதுதான் என்று எனக்கு அந்த மண்ணில் நின்றபோதுதான் உறைத்தது.

நீ வேலை செய்த வண்டிகளை உன் வீடியோ சேனலில் பறக்கவிட்டுக் காட்டுகிறாயே, அவற்றில் எவற்றுக்கெல்லாம் பம்ப் இல்லை? ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியுமா? எனக்குப் போன் செய்து சமாதானம் சொல்லாதே. எல்லாரும் பார்க்கிற அந்தச் சேனலிலேயே வந்து பதில் சொல்.