வார்சியெம் சொன்ன 'மொங்கோ'

கெடுங்வாரு ஊரில் வார்சியெம்மிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் பதில் வாங்காமல் போனவர் கிடையாது. ஒருவரைத் தாண்டிப் போகும்போது ஜாவாக்காரர்கள் "மொங்கோ" என்பார்கள். எதிரில் இருப்பவரும் "மொங்கோ" என்பார். கூடவே ஆணுக்கு ஒரு 'பாக்', பெண்ணுக்கு ஒரு 'இபு', நம் ஐயா, அம்மா மாதிரி. வர்றேன் என்பதும் அதுதான், போங்க என்பதும் அதுதான், சாப்பிடுங்க என்பதும் அதுதான். மற்றவர்கள் ஒரு தடவை சொன்னால் வார்சியெம் மூன்று தடவை சொல்வாள். வாய் அப்படி.

அந்த வாயை வைத்துக்கொண்டுதான் அவள் ரயில்பாதையில் காவல் இருந்தாள். அரசாங்கம் கேட் போடாத இடம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஊரார், குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு, அதை ஏற்றி இறக்கும் கயிற்றை வார்சியெம் கையில் கொடுத்துவிட்டார்கள். சீருடையும் இல்லை, உத்தரவும் இல்லை.

அன்று காலை ஒரு ரயில் போனதும் மூங்கிலைத் தூக்கினாள். அடுத்த பாதையில் எதிர்த்திசையிலிருந்து இன்னொன்று ஊதியது. பதறிப்போய் இறக்கினாள். பாதி இறங்கும்போது துக்கிமினின் அப்பள வண்டி வந்து நின்றது.

"மொங்கோ, இபு!" என்று வழக்கம்போல் தலையை நீட்டினான்.

"மொங்கோ, மொங்கோ, மொங்கோ!" என்றாள் கயிற்றைப் பிடித்தபடியே.

போகச் சொல்கிறாள் என்று அவன் மூங்கிலுக்கு அடியில் புகுந்துவிட்டான். வண்டியின் பின்பாதியை ரயில் அள்ளிக்கொண்டு போனது. ஊரெல்லாம் அப்பளம் பறந்தது. கோழிகளுக்கு ஒரே கொண்டாட்டம். துக்கிமினுக்குக் கால்தான் முறிந்தது.

எஞ்சின் சேதத்துக்காக ரயில்காரர்கள் துக்கிமின்மேல் பாய்ந்தார்கள். அவன் வார்சியெம்மைக் கைகாட்டினான். விஷயம் போலீசுக்குப் போனால் அவளுக்குச் சிறைதான் என்று ஊரே பேசியது. இலவச சட்ட உதவிக்கு வந்த வக்கீல் ரெத்னானிங் இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"கேட் இறங்க ஆரம்பிச்சாலே வண்டி நிக்கணும், பாக். ரயிலுக்குத்தான் முதல் வழி. அதனால தப்பு உங்க மேல. இபு, உத்தரவு இல்லாம காவல் நின்னதுக்கு நீங்களும் மாட்டுவீங்க. ஒருத்தரை ஒருத்தர் இழுக்காம, கேட் போடாத மாவட்ட ஆபீஸ் மேல சேர்ந்து கேஸ் போடுங்க."

"நான் உள்ள போயிட்டா கயிறை யாரும்மா பிடிப்பா?" என்றாள் வார்சியெம். அவளுக்கு அந்தக் கவலை.

இருவரும் சேர்ந்து கேஸ் போட்டதும், சமரசம் பேச மாவட்ட அதிகாரி ஹெந்த்ரோ ஊர் அலுவலகத்துக்கு வந்தார். எதிரில் தேநீர் வைத்தார்கள். யாராவது உபசரித்துச் சொல்லாமல் விருந்தாளி எடுக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம், அதனால் அவர் தொடவில்லை.

"ஒரு மொங்கோவுக்காக வளர்ந்த ஆம்பளை ரயிலுக்கு முன்னாடி போவானா? யாருக்குக் காது குத்தறீங்க? ரெண்டு பேரையும் போலீஸ்ல விட்டாத்தான்..." என்று ஹெந்த்ரோ எகிறினார்.

அழுதுகொண்டிருந்த வார்சியெம்மின் கண்ணில் அந்தத் தேநீர் பட்டது. விருந்தாளி தொடாமல் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"மொங்கோ, பாக்" என்று வாய் தானாகச் சொன்னது.

பேச்சு வேகத்தில் ஹெந்த்ரோ எடுத்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டுத் துள்ளினார்.

"ஆவி பறக்குதே பாக், பாக்கலையா?" என்றாள் ரெத்னானிங்.

"இபு மொங்கோன்னாங்களே..." என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். மாவுக்கட்டுக் காலோடு முதலில் சிரித்தவன் துக்கிமின்தான்.

அதற்குமேல் போலீஸ் பேச்சு எழவில்லை. ரயில்காரர்களிடம் தானே பேசுவதாகவும், கேட் போட ஏற்பாடு செய்வதாகவும் ஹெந்த்ரோ நாக்கு வெந்த குரலில் சொல்லி, எழுதியும் கொடுத்தார். அது வரும்வரை வார்சியெம் கயிற்றோடு நின்றாள். இப்போது பல்லிடுக்கில் ஓர் ஊதல். வாயை அடைக்க அவளே கண்டுபிடித்த வழி.

துக்கிமின் மறுபடி அப்பளத்தோடு வந்த அன்று மூங்கில் இறங்கியிருந்தது. "மொங்கோ, இபு!" என்றான். பதில் சொல்ல முடியாமல் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ரயில் போனது, மூங்கில் ஏறியது, துக்கிமின் மட்டும் நகரவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

"போய்யா! வழி விட்டாச்சில்ல?" என்று யாரோ கத்தினார்கள்.

"இபு இன்னும் சொல்லலையே!" என்றான் துக்கிமின்.

வார்சியெம் பாதையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். பிறகு ஊதலை எடுத்தாள்.

"மொங்கோ" என்றாள். ஒரே ஒரு தடவை.