தராசு கட்டி நட்டு இறுக்கிய குழந்தைவேலு

குழந்தைவேலு இறந்துவிட்டார் என்ற செய்தி, நாங்கள் வேலை பார்த்த ஆலையின் பழைய ஆட்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் களத்தில் காப்பிக் கொட்டை கிளறிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துவிட்டன. ‘தங்கமான மனிதர்’, ‘அதிர்ந்து பேசாதவர்’ என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். அதிர்ந்து பேசாதவரா? ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தை ஒட்டிய தன் பட்டறைக்குள் அவர் கேள்வி கேட்டால், வெளியே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பதில் சொல்வார்கள். அவரை உண்மையில் அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கும் அவருக்கும் ஆகாது. ஒரே கல்லூரியில் படித்து ஒரே ஆலையில் சேர்ந்தோம். பராமரிப்புப் பிரிவின் தலைமைப் பதவி காலியானபோது அது அவருக்குப் போயிற்று. எனக்கு வந்திருக்க வேண்டியது. இன்றும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. வேலையை உதறிவிட்டுத் தலைச்சோலையில் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். பிறகு ஆலையை மூடினார்கள். அவரும் மலையேறி வந்து பட்டறை போட்டார். எத்தனையோ ஊர் இருக்க, இங்கேயேதான் வர வேண்டுமா? சந்தையில் அவர் எதிர்ப்பட்டால் நான் மிளகாய்க் குவியலை ஆராய்ந்துகொண்டு நிற்பேன்.

போன பருவத்தில், நல்ல பறிப்பு நடந்த ஒரு நாள், காற்றும் மழையும் அடித்து மரங்கள் சாய்ந்தன. மின்சாரம் போனது. சேலத்துக்கு இறங்கும் பாதையும் அடைபட்டது. பழத்தின் தோலை உரிக்கும் பல்பரை ஓட்ட டீசல் இன்ஜினைக் கிளப்பினேன். சற்று ஓடியதும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கட் தகடு வெடித்துப் புகை கக்கியது. முற்றம் நிறையச் சிவந்த பழம். அன்றே உரிக்காவிட்டால் குவியலிலேயே சூடேறிப் புளித்துவிடும். அந்த வருடத்து வருமானம் அதுதான். கைவசம் மாற்றுக் கேஸ்கட் ஒன்றே ஒன்று இருந்தது. நட்டுகளை எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லை. பக்கத்து எஸ்டேட்டில் கேட்டதற்கு, “மேனேஜர் ஊர்ல இல்லீங்க” என்று சொல்லிவிட்டார்கள். அதை நான் மறக்கப்போவதில்லை.

என்னைக் கேட்காமலே என் மனைவி குழந்தைவேலுவுக்குப் போன் போட்டிருக்கிறாள். மழைக்கோட்டோடு பைக்கில் வந்து இறங்கினார்.

“ஏனுங்க, மிளகா வாங்கி முடிச்சாச்சுங்களா?”

நான் இன்ஜினைக் காட்டினேன். அவருடைய டார்க் ரெஞ்சும் மாரமங்கலத்தில் ஒரு ஜீப் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தது. கை அனுமானத்தில் இறுக்கிவிடலாம் என்றேன்.

“ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் கொறைஞ்சா இருக்கற ஒரே கேஸ்கட்டும் போச்சுங்க. அப்புறம் பழத்தை ஊறுகா போடறதா?”

சொன்னவர் சட்டென்று நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். பறித்த பழத்தை எடை போடும் ஸ்பிரிங் தராசு உத்தரத்தில் தொங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் அதை நோக்கி ஓடினோம். எனக்கு உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. கல்லூரி ஒர்க்‌ஷாப்பை விட்டபின் அப்படியொரு பரபரப்பை நான் அறிந்ததில்லை.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் கைப்பிடியின் நுனியில் பன்னிரண்டு கிலோ இழுப்பு என்று இன்ஜின் புத்தகம் சொன்னது. மாற்றுக் கேஸ்கட்டை வைத்து ஹெட்டை மாட்டி, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, நட்டின் நடுவிலிருந்து ஒரு மீட்டர் அளந்து, அங்கே தராசின் கொக்கியை மாட்டினோம். குழாய்க்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். வெட்டி இழுக்கக் கூடாது. நட்டு நகர்ந்துகொண்டிருக்கும்போதே முள்ளைப் படிக்க வேண்டும்.

முள் பார்க்கப் பறிப்புக்கார பாப்பாயி தானாகவே முன்னே வந்தாள்.

“நான் பாக்கறனுங்க. நம்ம மொதலாளி பாத்தா முள்ளு எப்பவும் ஒரு கிலோ கீழதான் நிக்கும்.”

குழந்தைவேலு சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

ஆனால் தராசைப் படுக்க வைத்ததும் முள் பூஜ்யத்துக்குக் கீழே போனதை நான்தான் கண்டேன். நிமிர்ந்து தொங்கும்போது கொக்கியின் எடையையும் சேர்த்துச் சரிசெய்த தராசு அது. திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். குழந்தைவேலு என்னையே பார்த்தார்.

“அந்தப் போஸ்ட்டை உங்களுக்கே குடுத்திருக்கலாமுங்க.”

கேலிதான். ஆனால் பாப்பாயி சாட்சி.

முதல் சுற்றில் நாலு கிலோ, அடுத்ததில் எட்டு, கடைசியில் பன்னிரண்டு. ஒன்றை இறுக்கினால் அடுத்து அதன் எதிர்மூலை. “வரலீங்க... வருது... இழுங்க சாமி, இழுங்க... வந்துருச்சு!” என்று பாப்பாயி ஒவ்வொரு நட்டுக்கும் கத்த, பறிப்புப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். இன்ஜினைச் சுற்றிவிட்டேன். இருமியது, நின்றது; மறுபடி சுற்றினேன், பிடித்துக்கொண்டது. இணைப்பு விளிம்பில் சோப்பு நுரையைத் தடவிக் குழந்தைவேலு குனிந்து பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. பெல்ட்டை மாட்டியதும் பல்பர் உறுமியது. பழம் சரிந்து உள்ளே போக, வழவழவென்று வெள்ளைக் கொட்டை மறுபக்கம் பாய்ந்தது! நான் கூவினேன் என்று மனைவி சொல்கிறாள். இருக்கலாம்.

மறுநாள் காலை கூப்பிடாமலே வந்து நின்றார். “சூடாகி ஆறுனா கேஸ்கட் அமுங்கி நட்டு தளர்ந்திருக்குமுங்க. நேத்து ஓடிருச்சுன்னு உட்ற முடியுமா?” சொன்னபடியே எல்லா நட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தன. இறுக்கி முடித்து, காப்பி குடித்து, சர்க்கரை குறைவு என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பின்னும் நாங்கள் நண்பர்களாகிவிடவில்லை. பதவி விஷயத்தில் என் வழக்கு அப்படியே இருக்கிறது. அவரிடமிருந்து நான் கற்று வைத்துக்கொண்டது அந்த மறுநாள் காலை வருகையைத்தான். அடக்கத்தன்று மாலை போட்டுவிட்டு எல்லோரோடும் திரும்பினேன். அடுத்த நாள், பந்தல் பிரித்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு, அவர் வீட்டுக்கு மறுபடி போனேன். அவர் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார்.