வலது பக்கத்து விளக்கு

மிருதங்கம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது. அந்தக் கச்சேரிப் பதிவில் என் நாற்காலிக்கு வலப்புறம் உட்கார்ந்து வாசிக்க வேண்டியவர், சுவருக்கு அப்பால் எங்கேயோ தட்டிக்கொண்டிருந்தார். நடுவில் இருக்க வேண்டிய பாடகர் நகர்ந்து நகர்ந்து இடப்புறத்து வயலின்காரர் மடியிலேயே ஏறிவிட்டார். வலது ஸ்பீக்கர் பாடாமல் இல்லை. வாயில் துணியை அடைத்துக்கொண்டு பாடியது.

வேறு யாராவது என்றால் பாட்டுப் பெட்டியில் ஏதோ கோளாறு என்று எழுந்து பார்த்திருப்பார்கள். நான் என் வலது காதைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் வலது காதுதான் முதலில் போகும்.

அம்மையார்குப்பத்தில் எங்களுக்கு விசைத்தறிக் கொட்டகை இருந்தது. நைனா, அதாவது என் அப்பா, வாழ்நாள் முழுக்கத் தறிக்கு வலது காதைக் காட்டியே நின்றவர். அந்தக் காது தலை நரைக்கும் முன்பே போய்விட்டது. பெரியண்ணனுக்கும் அதே கதை. கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள நைனாவுக்கு மட்டும் வாய் வராது. யார் எதைச் சொன்னாலும் "ஆங்" என்பார். எங்கள் பக்கத்தில் ஆங் என்றால் ஆமாம், சரி. இப்படி ஆங் ஆங் என்றே என் தங்கைக்கு மாப்பிள்ளை பேசி முடிக்கச் சம்மதம் கொடுத்துவிட்டு, பத்திரிகை அச்சாகி வந்த அன்று, "யாருக்குடா கல்யாணம்?" என்று கேட்டார். இன்றைக்கும் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ரயில்வேயில் வேலை கிடைத்து அரக்கோணம் போகும்வரை நானும் அதே கொட்டகையில், அதே பக்கம் நின்றவன்தான். ஓய்வு பெற்றதும் திருத்தணியில் வீடு கட்டிக்கொண்டேன். இங்கே தறிச் சத்தம் கிடையாது. கிருத்திகை அன்று மலையிலிருந்து வரும் ஒலிபெருக்கியும், மொட்டை மாடியில் குரங்குகள் போடும் ஆட்டமும்தான். கேட்க நல்லதாக ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டு, என்னோடு வேலை பார்த்த நண்பனிடம் பழைய ரேடியோவுக்குள் பல்பு மாதிரி எரியுமே, அந்த வால்வுகள் வைத்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்து வாங்கினேன். என் வாழ்க்கையில் நான் பண்ணின ஒரே ஊதாரித்தனம் அது.

அதன் அழகைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. தேக்குச் சட்டத்தின் மேல் தடித்த அலுமினியத் தகடு. பின்வரிசையில் மூன்று கறுப்பு டிரான்ஸ்ஃபார்மர்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டும். அவற்றுக்கு முன்னால் பக்கத்துக்கு இரண்டாகப் பெரிய வால்வுகள், ஒன்றன் பின் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் முன்னால் கட்டை விரல் அளவில் சின்ன வால்வுகள். கவிழ்த்துப் பார்த்தால் சர்க்யூட் போர்டே இருக்காது. ஒவ்வொரு ஒயரும் கையால் வளைத்துப் பற்றவைத்தது. எர்த் ஒயர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேரும். அதனால் பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் ஒரு முணுமுணுப்பு கேட்காது. அந்தப் பெரிய வால்வுகள் வேலை செய்கிற விதம், மரம் அறுக்கிற இரண்டு ஆள் ரம்பம்தான். ஒன்று தள்ளும், ஒன்று இழுக்கும். அவை இரண்டும் கொடுப்பதை ஸ்பீக்கருக்குப் பக்குவப்படுத்திக் கொடுப்பது டிரான்ஸ்ஃபார்மர். அதற்குக் கம்பியை அடுக்கடுக்காகச் சுற்றி, இடையே காகிதம் வைத்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடியும் சுற்றினான் நண்பன்.

சத்தம் எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன்: கச்சேரிக்காரர்களே எதிரில் வந்து உட்காருவார்கள். மிருதங்கத்தின் தொப்பியில், அந்த அடிக்குரல் பக்கத்தில், கை விழுந்ததும் தோல் அமுங்கி எழுவது தெரியும். பாடுகிறவர் அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பது கேட்கும். குரலைச் சுற்றி வெதுவெதுப்பாக ஒன்று இருக்கும். அதை வர்ணிக்க எனக்குத் தெரியாது.

அது வீட்டுக்கு வந்த அன்றே என் மனைவி டிரான்ஸ்ஃபார்மருக்குக் குங்குமம் வைத்துவிட்டாள். சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வெளக்கேத்தி வச்ச மாதிரி கீதுங்க," என்றாள். ஏதோ பேச்சில், "போதும், அணைச்சிடு," என்று நான் சொல்லிவிட்டேன். வந்ததே கோபம்! "வெள்ளிக்கெழமையும் அதுவுமா இன்னா பேச்சு பேசறீங்க?" என்றாள். எங்கள் வீட்டில் விளக்கு அணையாது, மலையேறும். திருத்தணியில் குடியிருந்துகொண்டு அது எந்த மலை என்று கேட்கவும் முடியாது, வாசலில் நின்றாலே தெரிகிறது. நானும் பதிலுக்கு, அதில் ஆளைக் கொல்கிற கரண்ட் இருக்கிறது, கை வைத்தால் கெட்ட கோபம் வரும் என்று கத்தி வைத்தேன். அதிலிருந்து அவள் அதன் பக்கம் போவதில்லை.

மிருதங்கம் பக்கத்துத் தெருவுக்குப் போனபின் நான் பட்ட பாடு இருக்கிறதே, பகையாளிக்கும் வேண்டாம். வலது காதின் அருகே விரல்களைத் தேய்த்துப் பார்ப்பேன். கேட்கிற மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தேன். உண்மையில் டாக்டரே தேவையில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் போதும். மந்தம் அப்போதும் என் வலப்புறமே இருந்தால் காது போச்சு, இடப்புறம் மாறினால் பெட்டி போச்சு. நாற்காலியின் கையைப் பிடிப்பேன். ஒருவேளை மாறாவிட்டால்? விட்டுவிடுவேன். இந்தக் காது போனால் அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மனைவி எதையாவது சொல்லுவாள். என் நினைப்பெல்லாம் காதில் இருக்க, பாதி மண்டையில் ஏறாது. "ஆங்" என்பேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய ஆங் என்று உறைக்கும். அதற்கும் சேர்த்து நடுங்குவேன்.

கடைசியில் நண்பனுக்குப் போன் போட்டேன். "பொட்டிய நீயே எடுத்துக்கினு போயிடுபா. என் காது போயிடுச்சி," என்றேன். மறுநாள் காலை மின்சார ரயிலைப் பிடித்து வந்துவிட்டான், தோளில் ஒரு பையோடு.

"போடு, நானும் கேக்கறேன்," என்றான். போட்டேன். அவன் வாயைத் திறக்கும் முன்பு என் மனைவி காப்பியோடு சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"அண்ணா, நீங்களாவது கேளுங்க. வலது பக்கத்து வெளக்கு மலையேறி எத்தினி நாளாச்சி! நானும் சொல்லிக்கினே கீறேன். ஆங் ஆங்ன்றாரே தவிர ஏந்து பாக்கறாரா?"

எனக்கு எரிச்சல் வந்தது. "சாமி ரூம்ல வெளக்கு மலையேறினா எண்ண ஊத்தி ஏத்திக்கயேன். அதுக்கு அவன் இன்னா பண்ணுவான்?"

"சாமி வெளக்க யாரு சொன்னாங்க? தோ, இந்த வெளக்கு!"

அவள் கை நீட்டிய இடம் ஆம்ப்ளிஃபயர். நண்பன் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் பெட்டியின் பக்கவாட்டு தெரியும். வலது பக்கத்துப் பின் வால்வு கரியாக இருந்தது. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் முன் வால்வு அதை மறைத்துவிடும். போதாததற்கு நான் கண்ணை வேறு மூடிக்கொண்டு கேட்கிற ஆள். ரம்பத்தின் ஒரு கைப்பிடியில் ஆளே இல்லாமல், இத்தனை நாளாக மற்றவன் ஒற்றையாக அறுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நண்பன் என்னைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், காதாவது ஒண்ணாவது! வால்வுடா, வால்வு!"

"கெட்டது பொட்டியா?" என்றேன்.

"பொட்டிதான்."

"நல்லாப் பாத்து சொல்லு. பொட்டிதானே?"

ஆசை ஆசையாகச் செய்து வாங்கிய பெட்டி பழுதானதற்கு இப்படி மகிழ்ந்தவன் திருத்தணித் தாலுக்காவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்பாடா! நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று. காப்பி டம்ளரை வாங்கினேன், அவசரத்தில் பாதி வேட்டியில் போனது.

பெட்டியை நிறுத்தி ஆறவிட்டு, பையிலிருந்து புது வால்வுகளை எடுத்து, வலது பக்கத்து இரண்டையுமே மாற்றினான். மறுபடி சுவிட்சைப் போட்டபோது நான் நாற்காலியில் உட்காரவில்லை. மனைவி பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். மெல்லச் சிவந்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நானும் போட்டுக்கொண்டேன்.

பிறகு போய் உட்கார்ந்தேன். பாடகர் வயலின்காரர் மடியை விட்டு இறங்கி நடுவில் வந்து அமர்ந்தார். தொப்பியில் கை விழுந்தது. வலப்புறம், என் முழங்காலுக்குப் பக்கத்தில், தோல் அமுங்கி எழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நண்பன் பார்க்கிறானே என்றுகூடத் தோன்றவில்லை.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மனைவி டம்ளர்களை எடுக்க வந்தாள். எனக்கு வலப்புறமாகப் பின்னால் குனிந்து, தனக்குத்தானே முனகினாள்: "செவிட்டு மனுசன கட்டிக்கினு நான் படற பாடு கீதே..."

"யாரு செவிடு?" என்றேன், திரும்பாமலே.

அவள் நிமிர்ந்தாள். "கேட்டுச்சா?"

"ஆங்," என்றேன்.