திரையில் வந்த டாக்டரம்மா

இன்று எங்கள் மாமல்லபுரம் குப்பத்துக்கு நடமாடும் மருத்துவ வேன் வந்தது.

நான் வளர்த்த பேத்திக்கு வயது பதினைந்து. மூன்று மாதமாக அடிக்கடி சுருண்டு படுக்கிறாள். என்னவென்று கேட்டால், "ஒன்னுமில்ல ஆயா" என்பாள்.

வேனுக்குள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வீடியோ திரையில் வந்ததும், நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார். இருபது நிமிடம் வெயிலில் நின்றேன். உள்ளே பேத்தி சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

மாத்திரையோடு இறங்கினாள்.

"யாரோ ஒருத்தியாண்ட சொல்ற. என்னாண்ட சொன்னா இன்னா?"

"நீ எல்லாத்தியும் போன்ல போஸ்ட் போட்டுடுவ ஆயா."

போடமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் சொன்னாள். அதனால் என்ன நோவு என்று கேட்காதீர்கள்.

ஆமாம், அந்த டாக்டரம்மா மட்டும் போஸ்டே போடமாட்டாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.