மற்றப் பிடி

நாங்கள் இப்போது இருக்கிற மிச்சம் என்ற வெளிநாட்டு ஊரில் புதிதாகத் திறந்த கஃபே ஒன்றின் சுவரில், அலங்காரத்துக்கென்று மரம் அரியும் பழைய வாளொன்றை மாட்டியிருந்தார்கள். இரண்டு நுனியிலும் பிடி வைத்த, இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கிற நீள வாள். அம்மா கோப்பியை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றா.

எங்களிடமும் ஒன்று இருந்தது. வன்னியில் அரசாங்கம் கொடுத்த காட்டுக் காணியில் அப்பா ஒரு பிடி, அம்மா மற்றப் பிடி. பாலைமரத்தின் ஈரத் தூள் அம்மாவின் தலைமுடியில் ஒட்டிக் காய்ந்திருக்கும். காட்டை வெட்டித் துப்புரவாக்காவிட்டால் காணியைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். பாதி மரங்கள் நிற்கும்போதே அப்பா மலேரியாவில் செத்துப்போனார்.

புருசன் இல்லாதவளோடு வாள் பிடித்தால் ஊர் கதைக்கும் என்று ஆம்பிளைகள் ஒருவரும் வரவில்லை. அம்மா மற்றப் பிடியை என் கையில் தந்தா. நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற சின்னப் பெட்டை.

"தள்ளாதை பிள்ளை, வாள் வளைஞ்சுபோம். நான் இழுக்கேக்கை விட்டுக்குடு. பிறகு நீ இழு."

உள்ளங்கைத் தோல் உரிந்து பிடியில் ஒட்டியது. காணி எங்களுக்கே கிடைத்தது. பிறகு சண்டை வந்தது, விட்டுவிட்டு ஓடினோம். இப்போது அங்கே திரும்பவும் காடு மூடிவிட்டதாம். போன கிழமைதான் சித்தப்பா போனில் சொன்னார்.

அம்மா எட்டிச் சுவரிலிருந்த வாளின் ஒரு பிடியைப் பிடித்தா.

"மற்றதைப் பிடி" என்றா.

பிடித்தேன். முதலில் அவ இழுக்கட்டும் என்று கையைத் தளர்த்திக்கொண்டு நின்றேன்.

அவ இழுக்கவேயில்லை; அவவும் கையைத் தளர்த்திக்கொண்டு நின்றா.