கப்பல் வராத மாதத்து அறிக்கை

அந்த மாதம் எங்கள் ஊரில் டீசல் செலவு பாதியாகக் குறைந்தது. பசுமை மின்சாரத்துக்குக் கிடைத்த வெற்றி என்று மேலிடத்துக்கு அனுப்ப அறிக்கை தயாராகிவிட்டது. அதில் கையெழுத்துப் போட வேண்டிய ஜூனியர் இன்ஜினியர் நான்.

குறைந்தது ஏன் என்று ஊருக்கே தெரியும். கடல் கொந்தளித்து டீசல் கப்பல் வரவில்லை. அந்தமானில் ரங்கத்துக்கு அப்பால் இருக்கும் எங்கள் பவர்ஹவுஸில் ஜெனரேட்டரை நாளுக்குச் சில மணி நேரம்தான் ஓட்டினோம். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த நாள்களிலும் சோலார் பலகைகள் சும்மா கிடந்தன. ஜெனரேட்டர் ஓடினால்தான் அவையும் ஓடும். தனியாக ஓடப் பேட்டரி வேண்டும். அந்தப் பேட்டரிக்குத்தான் மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். டீசலைக் குறைக்கும் இலக்கை எட்டிவிட்டோம் என்று நானே கையெழுத்துப் போட்டால், பிறகு பேட்டரி எதற்கு என்று கேட்க மாட்டார்களா?

ஃபிரிட்ஜ் ஓடாததால் சுகாதார நிலையத்து நர்ஸ் அந்த மாதம் தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, மடியில் சுமந்து, பஸ்ஸில் ரங்கத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு தடவை. அவர் வங்காளி, நான் தமிழ். எங்களுக்குப் பொதுவான ஹிந்தியில் அவர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டியது நியாயம்.

மேலதிகாரி மதுரைக்காரர், குரலை உயர்த்தத் தெரியாதவர். போர்ட் பிளேரிலிருந்து போன் செய்தார். மெயின்லேண்டிலிருந்து குழு வருகிறது, நல்லதாக நாலு விஷயம் காட்ட வேண்டும் என்றார். கப்பல் வராததையும் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா? டீசல் கம்மியா எரிஞ்சிருக்கு, அது உண்மைதானே. சைன் பண்ணி அனுப்பு, சலேகா." எங்கள் தீவு ஹிந்தியில் 'சலேகா' என்றால் 'ஓடும், பரவாயில்லை'.

"நஹீ சலேகா சார். டீசலும் எரியல, லைட்டும் எரியல. ரெண்டையும் சேர்த்து எழுதினா சைன் பண்றேன்."

போனை வைத்துவிட்டார். நான் படிவத்தின் அடியில் யாரும் நிரப்பாத 'குறிப்பு' என்ற சின்னக் கட்டத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்: கப்பல் வரவில்லை. வெயில் இருந்தும் சோலார் ஓடவில்லை. தடுப்பூசி பஸ்ஸில் போனது. பேட்டரி வேண்டும். நர்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டுக் கீழே சுகாதார நிலையத்து முத்திரையைக் குத்திக் கொடுத்தார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

குழு வந்தது, பலகைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனது. அடுத்த மாதம் புதுப் படிவம் வந்தது. அதில் குறிப்புக் கட்டமே இல்லை. பேட்டரியும் வரவில்லை.

தாளைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. இப்போது மாதாமாதம் அங்கேதான் எழுதுகிறேன், பெரிய எழுத்தில்.