ஒரு மூச்சு பிந்திய சிரிப்பு

மான்செஸ்டரில் பேருந்துப் பணிமனை உணவகத்தில் தேநீர் ஊற்றுபவள் எட்னா. வெள்ளிக்கிழமை மாலைகளில் கணவன் க்ளிஃபுடன் நகைச்சுவைத் தொடர்களின் ஸ்டுடியோ பதிவுக்குப் பார்வையாளராகப் போவாள். வானொலிக் காலத்திலேயே தொற்றிய பழக்கம். அந்தக் கூத்து தொலைக்காட்சிக்குக் குடியேறி, மேடையில் சோபாவும் மாடிப்படியும் முளைத்த பின்பும் விடவில்லை. நுழைவு இலவசம், பதிலுக்குச் சிரித்தால் போதும்.

க்ளிஃபின் சிரிப்பு, கூட்டம் ஓய்ந்த பிறகே வரும், வாத்து கத்துவதுபோல. அதைக் கேட்டதும் எட்னா வெடிப்பாள். நடிகர்களும் அந்த வாத்துக்காகவே அடுத்த வசனத்தை ஒரு மூச்சு நிறுத்திவைக்கப் பழகியிருந்தார்கள்.

பனிக்காலத்தில் க்ளிஃப் நெஞ்சுவலியில் போய்ச்சேர்ந்தான். எட்னா ஸ்டுடியோ பக்கமே போகவில்லை. வசந்தத்தில் ஒரு மாலை, தொலைக்காட்சியில் புதிய தொடர். மாமியார் கேக்கின் மேல் உட்கார்ந்தாள். கூட்டம் சிரித்து ஓய்ந்தது. அப்புறம் அந்த வாத்து.

கோப்பை சாய்ந்து மடியெல்லாம் தேநீர். சூடுகூட உறைக்கவில்லை.

மறுநாள் ஒலிப்பதிவாளர் டெரிக்கின் முன் போய் நின்றாள். "என் வீட்டுக்காரரு சிரிக்கிறாரு, டெரிக்."

"அட, பயந்துட்டியாக்கா? ஜோக் படுத்துட்டா பழைய சிரிப்ப எடுத்து ஒட்டுவோம். நான்தான் ஒட்டினேன். வெளிய சொல்லிடாத, டைரக்டர் என் தோல உரிச்சிடுவாரு."

பழைய நாடாவை ஓடவிட்டான். வாத்து கத்தியது, அதன் மேலேயே எட்னாவின் சிரிப்பு.

"இதுல நானும் இருக்கேனே."

"ரெண்டு பேரும் ஒரே மைக்குக்குக் கீழ. அவர எடுத்தா நீயும் சேந்துதான் வருவ. பிரிக்கவே முடியாது."

"நேத்து அவரு மட்டும் தனியா சிரிச்சாரு."

டெரிக் சிரித்துக்கொண்டே, ஒளிபரப்பான பதிவைப் போட்டான். வாத்து. அதன்பின் வெறுமை. மறுபடியும் போட்டுக் கேட்டான். "நான் ஒட்டினது இது இல்லக்கா," என்று இயந்திரத்தை அணைத்தான்.

அந்த வெறுமைதான் எட்னாவை அறுத்தது. இத்தனை வருடத்தில் க்ளிஃப் ஒருமுறைகூடத் தனியாகச் சிரித்ததில்லை.

வெள்ளிக்கிழமை பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் க்ளிஃபின் இருக்கை, மடங்கி நிமிர்ந்து நிற்கும் நாற்காலி. ஆள் உட்கார்ந்தால்தான் கீழே இறங்கும். பதிவுக்கு முன் கூட்டத்தைச் சூடேற்றும் கோமாளிக்கு விஷயம் தெரியாது. "யாரது, நம்ம எட்னாவா! வாத்த வீட்லயே விட்டுட்டியா?"

"இல்ல கண்ணு. எனக்கு முன்னாடியே வந்திருப்பாரு."

விளக்குகள் எரிந்தன. மேடையில் ஒருவன் தவறான வீட்டுக் கதவைத் தட்டினான். கூட்டம் சிரித்து ஓய்ந்தது. நடிகன் பழக்க தோஷத்தில் ஒரு மூச்சு நிறுத்தினான்.

பக்கத்து நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டு இறங்கியது. வாத்து கத்தியது. முன்வரிசைக்காரர்கள் திரும்பி, அந்தக் காலி இருக்கையைப் பார்த்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எட்னா சிரித்தாள், பழையபடி வெடித்து.

நடிகன் அடுத்த வசனத்தைச் சொன்னான். நாற்காலி இறங்கிய நிலையிலேயே இருந்தது.